முள்ளழகியும் காய்க்காத செடியும்

மலைச்சரிவில் ஒரு சுனை இருந்தது. சுனைக்கு மேற்கே, பெரிய பாறையின் அடியில், முள்ளழகி என்ற முள்ளம்பன்றி வாழ்ந்துவந்தாள்.

முள்ளழகி நல்லவள். அந்தக் காட்டில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் அவள் தண்ணீர் குடிக்க வந்தால் போதும், மானும் கீரியும் முயலும் சட்டென்று ஒதுங்கி வழி விடுவார்கள்.

"வாங்க, வாங்க! நீங்க முதல்ல குடிங்க!"

"பரவாயில்ல, எல்லாரும் சேர்ந்தே குடிக்கலாமே!"

"ஐயோ, வேண்டாம்! எங்களுக்குத் தாகமே இல்ல!"

பார்த்தால் மரியாதை மாதிரிதான் இருக்கும். ஆனால் மரியாதை தருகிறவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்து வயிற்றை உள்ளே தள்ளிக்கொள்ள மாட்டார்கள். முள்ளழகி அதைக் கவனித்திருந்தாள். அவள் முதுகில் இருந்த முட்களைப் பார்த்துத்தான் அந்த மரியாதை!

'நான் போனால் எல்லோரும் விலகுகிறார்கள். என்னிடம் யாராவது வரும்படி செய்தால் என்ன?' என்று அவள் யோசித்தாள். யோசித்துத்தான் தோட்டம் போட்டாள்.

அந்தக் காட்டில் செம்மணிச் செடி என்று ஒன்று உண்டு. இடுப்பளவு உயரம், அடர்ந்த கிளைகள். வெயில் காலம் முழுக்க அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பனி இறங்கி மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கியதும் அதன் ஆட்டம் ஆரம்பமாகும். கிளை கிளையாக, கொத்துக் கொத்தாக, சிவப்பு மணிகளைப் போலப் பழம் பழுத்துத் தொங்கும். காடே சாம்பல் நிறத்தில் நிற்கும்போது அந்தச் செடி மட்டும் கல்யாண வீடு மாதிரி இருக்கும்!

முள்ளழகி எங்கெங்கோ அலைந்து விதைகளைப் பொறுக்கிவந்து, பாறைக்கு முன்னால் விதைத்தாள். சில வருடங்களில் செடிகள் வளர்ந்து காய்த்தன. அந்தப் பனிக்காலத்தில்தான் அதிசயம் நடந்தது. வடக்கேயிருந்து சோளக்குருவிக் கூட்டம் ஒன்று வானத்தை மறைத்தபடி வந்தது. கறுப்புத் தலையும் ரோஜா நிற உடம்புமாக நூற்றுக்கணக்கான குருவிகள்! தோட்டத்தின் சிவப்பைப் பார்த்ததும் கூட்டம் அப்படியே வளைந்து கீழே இறங்கியது.

அப்பப்பா, என்ன சத்தம்! என்ன சண்டை! என்ன சிரிப்பு! பழம் தின்ற வாய் ஓயாமல் கதை சொல்லியது. பனி மூடிய மலைகள், மணல் மட்டுமே உள்ள ஊர்கள், ஒரு நாள் முழுக்கப் பறந்தாலும் தீராத ஆறுகள். முள்ளழகி வாயைத் திறந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

கிளம்பும்போது கூட்டத்தின் தலைவி சலங்கை சொன்னாள்: "முள்ளழகி, அடுத்த வருஷமும் மேலேயிருந்து சிவப்பு தெரிஞ்சா இறங்குவோம். தெரியலன்னா அடுத்த மலைக்குப் போயிடுவோம். தப்பா நினைச்சுக்காதே! இத்தனை வயிறு என்னை நம்பிப் பறக்குது!"

"சிவப்பு தெரியும் அக்கா! இதைவிட நல்லாத் தெரியும்!" என்றாள் முள்ளழகி.

கூட்டம் புள்ளியாக மறைந்தது. அன்றைக்கே அவள் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இதைவிடச் சிவப்பாக ஆக்க என்ன செய்யலாம்?

அப்போது, "என்ன தங்கச்சி, ஒரே யோசனையா இருக்கே?" என்று ஒரு குரல் கேட்டது. தடியப்பன் என்ற காட்டுப்பன்றி புதரிலிருந்து மூக்கை நீட்டினான்.

தடியப்பனுக்கு அந்தத் தோட்டத்தின் மேல் வெகுநாளாக ஒரு கண். பழத்தின் மேல் இல்லை. செம்மணிச் செடியின் வேர் கிழங்கு மாதிரி தித்திக்கும் என்று கேள்விப்பட்டிருந்தான். ஆனால் முள்ளம்பன்றியின் தோட்டத்தில் கேட்காமல் மூக்கை விட அவனுக்கு என்ன பைத்தியமா?

"தோட்டம் இன்னும் சிவப்பா ஆகணும் அண்ணே. அதான் பார்க்கறேன்" என்றாள் முள்ளழகி.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்! நடுவிலே அந்த மூணு செடியைப் பாரு. இத்தனை வருஷத்திலே ஒரு பழமாவது காய்ச்சுதா?"

முள்ளழகி பார்த்தாள். உண்மைதான். அந்த மூன்று செடிகளும் மற்றவற்றைப் போலவே வளரும், பூக்கும். பூ உதிர்ந்ததும், பனிக்காலத்திலும் இலை உதிராமல், வெறும் பச்சையாக நின்றுவிடும்.

"இதுவரைக்கும் காய்ச்சதில்ல அண்ணே. ஆனா நல்லாத்தான் வளருது."

"வளராம என்ன செய்யும்? நீ தண்ணி ஊத்தறே, அது குடிக்குது. நீ எரு போடறே, அது தின்னுது. வேலை மட்டும் செய்யாது! மேலேயிருந்து பார்த்தா எப்படி இருக்கும் தெரியுமா? அழகா சிரிக்கிற வாயிலே முன்பல்லு மூணு விழுந்த மாதிரி இருக்கும்!"

அந்தப் பேச்சு முள்ளழகிக்குச் சுருக்கென்று பட்டது. மிச்சமிருந்த சிவப்புக்கு நடுவே அந்தப் பச்சை ஓட்டைகள் இப்போது பெரிதாகத் தெரிந்தன. இதுவரை தெரியாதது எப்படி என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பிடுங்கிடலாங்கறீங்களா?"

"சேச்சே, நீ எதுக்குக் கையை வலிக்கவிடணும்? அண்ணன் எதுக்கு இருக்கேன்!"

அடுத்த நொடி தடியப்பனின் மூக்கு மண்ணுக்குள் இருந்தது. முதல் செடி சாய்ந்தது. வேரை அவன் கறுக்முறுக் என்று தின்றான். இரண்டாவது செடியும் அப்படியே. மூன்றாவது செடி நோஞ்சானாக இருந்தது. அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "த்தூ! இதிலே என்ன இருக்கு, பல்லிடுக்குக்குக்கூடப் பத்தாது!" என்று பாறைக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் வீசினான்.

காலியான இடங்களில் முள்ளழகி புதுச் செடி வைத்தாள். இந்த முறை விதை போடவில்லை. தோட்டத்திலேயே எந்தச் செடி அதிகமாகக் காய்த்ததோ, அதிலிருந்து கிளைகளைக் கடித்தெடுத்து ஊன்றினாள். எல்லாம் துளிர்த்தன. இப்போது அவள் தோட்டத்தில் இருந்தவை எல்லாமே பழம் தரும் செடிகள். ஒன்றுகூடச் சோம்பேறி இல்லை!

"இந்த வருஷம் பாரு!" என்று அவள் முயல் குதியனிடம் பெருமையாகச் சொன்னாள்.

குதியன் பக்கத்து வளையில் இருந்தான். பத்தடி தள்ளி நின்றுதான் பேசுவான். ஆனால் பேச்சுக்கு மட்டும் குறைவே இல்லை. "பாக்கறேன் அக்கா, பாக்கறேன்! பாக்கறதுக்குக் காசா பணமா!" என்றான்.

கோடை மழை பெய்தது. செம்மணிச் செடிகள் எல்லாம் பூத்தன. சின்னச் சின்னப் பூக்கள்தான், ஆனால் கிளை தெரியாத அளவுக்கு! முள்ளழகி ஒவ்வொரு பூவையும் ஒரு பழமாகப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தாள்.

பிறகு உச்சியில் இருந்த பூக்கள் வாடின. வாடி உதிர்ந்தன. உதிர்ந்த இடத்தில் பச்சை மணி ஒன்று தலை நீட்டவேண்டும். நீட்டவில்லை. வெறும் காம்பு மட்டும் நின்றது. அதுவும் மறுநாள் விழுந்தது.

'தண்ணீர் போதவில்லையோ?' என்று நினைத்தாள். சுனையில் இறங்கி முழுக நனைந்து, சொட்டச் சொட்ட ஓடிவந்து, செடிகளுக்கு நடுவில் நின்று உடம்பை உதறினாள். முட்களிலிருந்து தண்ணீர் மழையாகத் தெறித்தது. காலையிலிருந்து மாலைவரை முழுகல், ஓடல், உதறல்.

"அக்கா, உனக்குச் சளி பிடிக்கும், செடிக்குக் காய் பிடிக்காது!" என்று கத்தினான் குதியன்.

எரு போதவில்லையோ என்று யானை வழியில் போய்ச் சாணம் உருட்டிவந்தாள். செடிகள் கொழுகொழுவென்று இலை விட்டன. காய் மட்டும் இல்லை.

செய்தி கேட்டுத் தடியப்பன் வந்தான். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். "கண்ணு பட்டிருச்சு தங்கச்சி! ஊர்க் கண்ணு எல்லாம் இந்தத் தோட்டத்து மேலதான்! ஒரு நல்ல பூசணிக்காயா கொண்டுவந்து, சுத்தி, உடைச்சிரு. எல்லாம் சரியாயிடும்!"

முள்ளழகி காட்டோரத்துக் கொல்லைவரை போய், ஒரு பூசணிக்காயை மூக்காலேயே உருட்டிக்கொண்டு வந்தாள். தோட்டத்தைச் சுற்றி உருட்டினாள். பாறையில் மோதி உடைத்தாள். உடைந்த துண்டுகளைத் தடியப்பன் கடைசி விதைவரை தின்று முடித்தான்.

"கண்ணு போயிருச்சா அண்ணே?"

"பாதிதான் போயிருக்கு! இன்னும் ஒரு பூசணிக்காய் இருந்தா முழுசும் போயிடும்!"

முள்ளழகி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவள் முட்கள் லேசாகச் சலசலத்தன. தடியப்பனுக்கு உடனே வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

அவன் போன பிறகு அவள் தோட்டத்தில் தனியாக உட்கார்ந்தாள். இனி பனிக்காலத்தில் சலங்கை மேலே பறப்பாள். கீழே பார்ப்பாள். சாம்பல் நிறக் காடுதான் தெரியும். அடுத்த மலைக்குப் போய்விடுவாள். 'அப்புறம் என்னைத் தேடி யார் வருவார்கள்? வாங்க வாங்க என்று சொல்லி ஓடுகிறவர்கள்தான்.'

வெறும் செடிகளைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிப் பாறைப் பக்கம் பார்த்தாள். பார்த்தவள் எழுந்து நின்றுவிட்டாள்.

பாறையை ஒட்டி இருந்த மூலைச் செடியில் பச்சைப் பச்சையாகக் காய்கள்!

ஓடிப்போய் மோந்து பார்த்தாள். காய்தான்! உச்சிமுதல் அடிவரை கொத்துக் கொத்தாக! இந்தச் செடிக்கு அவள் தனியாகத் தண்ணீர் ஊற்றவில்லை. எரு போடவே இல்லை, யானைச் சாணம் இங்கே வருவதற்குள் தீர்ந்துபோயிருந்தது. பூசணிக்காய் உருண்டதும் எல்லாச் செடிக்கும் பொதுவாகத்தான். பிறகு இது மட்டும் எப்படி?

கேட்க யாரும் இல்லை. அதனால் அவள் செடிக்குப் பக்கத்தில் ஒரு கல் மாதிரி உட்கார்ந்து கவனித்தாள். வெயில் ஏறியது. ஒரு தேனீ வந்தது. அதன் கால்களில் மஞ்சள் பொடி அப்பியிருந்தது. மூலைச் செடியில் காய்களுக்கு நடுவே மிச்சமிருந்த பூக்களில் அங்கே இங்கே உட்கார்ந்தது, பிறகு பாறையைத் தாண்டிப் போனது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. மறுபடியும் கால் நிறைய மஞ்சள் பொடி!

முள்ளழகி மற்ற செடிகளைப் பார்த்தாள். அவற்றின் பூக்களில் ஒரு துளிகூட மஞ்சள் இல்லை. அப்படியானால் இந்தப் பொடி எங்கேயிருந்து வருகிறது?

தேனீயின் பின்னாலேயே போனாள். பாறைக்குப் பின்னால் பள்ளம். பள்ளத்தில் ஒரு நோஞ்சான் செடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மழை அடித்துவந்த சேற்றில் வேர் பிடித்து நின்றது. மேனி முழுக்கப் பூ. ஒவ்வொரு பூவிலும் மஞ்சள் பொடி. தடியப்பன் வீசி எறிந்த அதே செடி!

"இது... இது காய்க்காத செடியாச்சே!" என்றாள் முள்ளழகி.

"யாரது, என் அடுப்படியிலே வந்து கத்தறது?" என்று பூவுக்குள்ளிருந்து தலையை நீட்டியது தேனீ. அதன் பெயர் தேன்மொழி. பெயரில் இருந்த தேன் பேச்சில் இல்லை.

"கோவிச்சுக்காதே தேன்மொழி! இங்கேயிருந்து நீ எங்கெங்கே போவே?"

"இங்கே இந்த மஞ்சள் மாவு இருக்கு. அந்த மூலைச் செடியிலே தேன் இருக்கு. ரெண்டையும் எடுத்துக்கிட்டா என் பை நிறைஞ்சிடும், வீட்டுக்குப் போயிடுவேன். முன்னே எல்லாம் உன் தோட்டத்து நடுவிலேயே மாவுச் செடி மூணு இருந்துது. அதுக்கும் இதுக்குமா எல்லாச் செடிக்கும் போய்வருவோம். நீதான் பெரிய புத்திசாலியாச்சே, பிடுங்கிட்டே! இப்ப உள்ளே வந்து என்ன பண்ண?"

முள்ளழகிக்கு எல்லாம் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டது. மாவுச் செடியின் பொடி தேனீயின் காலில் ஒட்டுகிறது. அது போய்ப் பழச்செடியின் பூவில் விழுகிறது. விழுந்த பூ காய்க்கிறது. விழாத பூ உதிர்கிறது. இந்தச் செடி தனக்காக ஒரு பழம்கூடக் காய்த்ததில்லை. ஆனால் தோட்டத்தில் இருந்த பழம் எல்லாமே இதனுடைய பழம்தான்!

"அடக் கடவுளே! இதையா சோம்பேறின்னு சொன்னேன்!"

"சொன்னது போகட்டும், நகரு. வெயில் போகுது" என்றது தேன்மொழி.

"தேன்மொழி, தேன்மொழி! உன் கூட்டத்தையே கூட்டிட்டு வாயேன்! கீழ்க்கிளையிலே இன்னும் பூ இருக்கு. எல்லாச் செடிக்கும் ஒரு நடை இந்த மாவைக் கொண்டுபோயிடுங்க!"

"நல்லாக் கேட்டே! ஆத்தங்கரையிலே நாவல் மரம் முழுக்கப் பூத்து நிக்குது. எங்க வீட்டுல எல்லாரும் அங்கதான். கையளவு தோட்டத்துக்கு யார் வருவா? எனக்கு இறக்கை கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, அவ்வளவு தூரம் முடியல. அதான் இங்கே கிடக்கேன்!" என்று சொல்லிவிட்டுத் தேன்மொழி பறந்தது.

முள்ளழகி தவித்தாள். செடியைப் பெயர்த்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோகலாமா? பூத்து நிற்கும்போது பெயர்த்தால் அத்தனை பூவும் கொட்டிவிடும். விட்டுவிடலாமா? இன்றோ நாளையோ மிச்சப் பூக்களும் வாடிவிடும். யோசித்தபடியே பள்ளத்தில் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஏதோ மூக்கில் ஏறியது.

"அச்சூ!"

தும்மலில் அவளைச் சுற்றி ஒரு மஞ்சள் மேகம் எழுந்தது. திரும்பிப் பார்த்தாள். செடியை உரசி உரசி அவள் முட்களின் நுனியெல்லாம் மஞ்சள்! தேனீக்கு இருப்பது ஆறு கால். அவளுக்கோ முதுகு நிறைய முள்!

அவ்வளவுதான். முள்ளழகி செடியை மெல்ல, பூ உதிராமல் உரசிக்கொண்டாள். தோட்டத்துக்கு ஓடினாள். முதல் செடியின் கீழ்க்கிளைகளுக்கு நடுவே நுழைந்து, முட்களைச் சிலிர்த்து, பூக்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். அடுத்த செடி. அதற்கு அடுத்த செடி. மாவு தீர்ந்ததும் மறுபடி பள்ளம். மறுபடி தும்மல். மறுபடி தோட்டம்.

குதியன் வளையிலிருந்து எட்டிப் பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"அடேய், எல்லாரும் ஓடிவாங்க! முள்ளழகி அக்கா மஞ்சள் பூசிக் குளிச்சிருக்கு! கல்யாணம் போல இருக்கு! மாப்பிள்ளை யாரு அக்கா?"

மானும் கீரியும் வந்து, வழக்கம்போல் பத்தடி தள்ளி நின்று சிரித்தார்கள்.

"மாப்பிள்ளை பள்ளத்துல நிக்கிறாரு! நீங்க வாழ்த்திட்டுப் போங்க!" என்று சொல்லிவிட்டு ஓடினாள் முள்ளழகி. அவளுக்குச் சிரிக்கக்கூட நேரமில்லை. கடைசிப் பூ மூடும்வரை அவள் ஓய்வெடுக்கவில்லை.

பிறகு மழைக்காலம் வந்தது. காய் பிடித்தது!

ஆனால் முள்ளழகி என்ன தேனீயா பறப்பதற்கு? அவள் முதுகு எட்டிய உயரம்வரைதான் காய். அதற்கு மேலே ஒன்றுமில்லை. காய்கள் பழுத்துச் சிவந்ததும், எல்லாச் செடிகளும் சிவப்புக் கரை வைத்த பச்சைப் பாவாடை கட்டியது போல நின்றன. மூலைச் செடி மட்டும் தலைமுதல் கால்வரை சிவப்பு. அதன் மேல் பாறை கவிந்திருந்ததால், வானத்திலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது.

பனி இறங்கியது. காட்டு மரங்கள் எல்லாம் இலை உதிர்த்தன. ஆனால் யானைச் சாணம் தின்ற செம்மணிச் செடிகள் மட்டும் உச்சி இலைகளை உதிர்க்காமல் குடை பிடித்தது போல நின்றன. அந்தக் குடைக்கு அடியில் பழம் எல்லாம் மறைந்திருந்தது.

தடியப்பன் பழத்தைப் பார்க்க வந்தான். "பாவாடை நல்லா இருக்கு தங்கச்சி! ஆனா குருவிங்க என்ன தரையிலே நடந்தா வருது, குனிஞ்சு பாக்கறதுக்கு?"

முள்ளழகிக்கு அவன்மேல் கோபம் வந்தது. அவன் சொன்னது உண்மை என்பதால் அந்தக் கோபம் இரண்டு மடங்காக இருந்தது.

ஒரு நாள் காலையில் வடக்கு வானத்தில் ஒரு கறுப்புத் துணி அசைந்தது. விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது. சோளக்குருவிகள்!

"அக்கா! உன் விருந்தாளிங்க!" என்று குதியன் கத்தினான்.

கூட்டம் சுனைக்கு மேலே வந்தது. தோட்டத்துக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. முள்ளழகி துள்ளித் துள்ளிக் கையை ஆட்டினாள். "சலங்கை அக்கா! இங்கே! இங்கே பழம் இருக்கு!" அவ்வளவு உயரத்தில் அந்தக் குரல் எங்கே கேட்கும்? மேலேயிருந்து தெரிந்தது பச்சை இலையும் சாம்பல் மரமும்தான். கூட்டம் மெல்லத் தெற்கே திரும்பியது. அடுத்த மலையைப் பார்த்துத் திரும்பியது!

முள்ளழகி சுற்றும்முற்றும் பார்த்தாள். மூலைச் செடிக்கு அடியில் பழுத்து விழுந்த பழங்கள் பாய் விரித்தது போலக் கிடந்தன.

அவள் யோசிக்கவில்லை. அப்படியே விழுந்து புரண்டாள்! இந்தப் பக்கம் ஒரு புரளல், அந்தப் பக்கம் ஒரு புரளல். எழுந்தபோது ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் ஒரு சிவப்புப் பழம்! எழுந்த வேகத்தில் பாறைமேல் ஏறினாள். உச்சியில் போய் நின்று, உடம்பை விறைத்து, அத்தனை முள்ளையும் விசிறி மாதிரி விரித்துக்கொண்டு குதித்தாள்.

வானத்தில் சலங்கை திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் பறப்பதையே மறந்து கொஞ்சம் கீழே சரிந்தாள்.

"ஏய், நில்லுங்க, நில்லுங்க! பாறைமேல ஒரு செம்மணிச் செடி!"

"பாறைமேல எப்படிச் செடி வளரும்?" என்றது ஒரு குருவி.

"வளர்றது மட்டுமா? அது குதிக்குதுடி!"

கூட்டம் சட்டென்று வளைந்தது. கறுப்புத் துணியை யாரோ உதறிப் போட்டது போல, அத்தனை குருவிகளும் பாறையைப் பார்த்துக் கொட்டின.

முதலில் இறங்கியவள் சலங்கை. அவள் வேறெங்கும் உட்காரவில்லை. முள்ளழகியின் முதுகிலேயே, இரண்டு முட்களுக்கு நடுவில் காலை ஊன்றி உட்கார்ந்து, ஒரு பழத்தைக் கொத்தினாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி. தோளில் ஒருத்தி. வாலில் நான்கு பேர், அதிலும் இடத்துக்குச் சண்டை!

முள்ளழகி அசையாமல் நின்றாள். முகத்துக்கு நேரே ஒரு குருவி இறக்கை அடித்தது. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"என்னடி, குத்திட்டேனா?" என்று பதறினாள் சலங்கை.

"இல்ல அக்கா. நீங்க குத்தல. நான்தான் யாரையாவது குத்திடுவேனோன்னு பயமா இருக்கு!"

"போடி பைத்தியம்! முள்ளுக்கு நடுவிலே பழம் பறிச்சே வளர்ந்த கூட்டம் நாங்க! எங்கே கால் வைக்கணும்னு எங்களுக்குத் தெரியாதா?"

பிறகு முள்ளழகி அவர்களைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனாள். "குனிஞ்சு பாருங்க!" என்றாள். குருவிகள் குனிந்து பார்த்தன. அடுத்த நொடி கீழ்க்கிளைகள் எல்லாம் ஒரே கும்மாளம்! பழம் தாழ்வாக இருந்ததால், பத்தடி தள்ளி நின்றவர்களுக்கும் வாய் ஊறியது. குதியன் ஒரு அடி வந்தான். ஒரு பழம் தின்றான். இன்னொரு அடி வந்தான். மானும் கீரியும் பின்னால் வந்தார்கள். சாயங்காலத்துக்குள் எல்லோரும் கலந்துவிட்டார்கள். கதை கேட்கிற மும்முரத்தில், தான் முள்ளழகியின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைக் குதியன் கவனிக்கவே இல்லை. முள்ளழகி கவனித்தாள். முட்களை ஒன்றுகூட அசையாமல் மடக்கி வைத்துக்கொண்டாள்.

சலங்கை கதை முடித்ததும் கேட்டாள்: "எங்க கதை இருக்கட்டும். உன் தோட்டம் ஏன் பாதி சிவப்பா நிக்குது?"

முள்ளழகி எல்லோரையும் பள்ளத்துக்குக் கூட்டிப்போனாள். நோஞ்சான் செடியைக் காட்டினாள். நடந்ததை எல்லாம், தான் ஏமாந்ததையும் சேர்த்து, மறைக்காமல் சொன்னாள். பூசணிக்காய்க் கட்டம் வந்தபோது காடே அதிரச் சிரித்தது. பழம் தின்ன வந்திருந்த தடியப்பன் மட்டும் மெல்லப் பின்னால் நகர்ந்தான்.

"தடியப்பண்ணே, எங்கே கிளம்பிட்டீங்க?"

"அது... வீட்டுல கொஞ்சம் வேலை தங்கச்சி."

"வேலை இங்கேயே இருக்கு! தோட்டத்து நடுவிலே நல்ல குழியா ஒண்ணு தோண்டுங்க. உங்க மூக்கை மாதிரி மண்வெட்டி இந்தக் காட்டுல வேற யாருக்கு இருக்கு?"

"தோண்டறேன்! ஆனா இந்தச் செடியோட வேர்ல ஓரமா ஒரு துண்டு மட்டும்..."

"அண்ணே!"

முட்கள் சலசலத்தன. தடியப்பன் தோண்டினான். ஆழமாகத் தோண்டினான். பள்ளத்துச் செடியை மண்ணோடு அலுங்காமல் தூக்கிவந்து, தானே குழியில் இறக்கினான். முள்ளழகி சுனையில் முழுகி ஓடிவந்து அதன்மேல் தண்ணீரை உதறினாள். தேன்மொழி கிழிந்த இறக்கையோடு வந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு, "இப்பத்தான் இது தோட்டம் மாதிரி இருக்கு!" என்றது. அதன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான்.

அடுத்த பனிக்காலத்தில் சலங்கையின் கூட்டம் வெகுதூரத்திலேயே சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. தோட்டம் முழுக்க உச்சிமுதல் அடிவரை ஒரே சிவப்பு! நடுவில் மட்டும் ஒரு செடி, ஒரு பழமும் இல்லாமல், பச்சைப் பசேலென்று நின்றது. குருவிகள் முதலில் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மற்ற செடிகளில் இறங்கின.

தன் கிளையில் பழம் தெரியாத ஒருவரைப் பயனற்றவர் என்று பிடுங்கி எறியாதீர்கள். மற்றவர் கிளைகளில் தொங்கும் பழங்கள் அவர் தந்தவையாக இருக்கலாம்.